கால்வாய்க் கரையில் குழந்தைகள்: லெய்டன் நகரில் சில நடைகள்



லெய்டன் என்னும் பெயரைத் தமிழாசிரியர் பலரும் ஒரு முறையேனும் கேட்டிருப்பர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்த செய்தியைக் கூறும் 21 செப்பேடுகள், டச்சுக்காரர் கைக்குச் சென்று, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால் 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றுவிட்டன. அவ்விகாரத்தை எழுப்பியவர்கள் கடாரத்து அரசர்கள். கடாரம் நம் கெடா. எனவே மலேசியத் தமிழராகிய நமக்கு அவ்வூரோடு இரட்டை உறவு உண்டு எனலாம்.

ஆனால் இப்பதிவு செப்பேடுகளைப் பற்றியதன்று. அவற்றை ஆராய்ந்து அறிஞர் பலர் எழுதியுள்ளனர். 2018-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், பணி நிமித்தம் அங்குக் குடியிருந்த என் தங்கையின் இல்லத்தில் மூன்று வாரம் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. தங்கையும் அவள் கணவரும் வேலைக்குச் சென்ற பின் எனக்கு வேறு பணியில்லை. குளிருக்குக் கம்பளிச் சட்டை இரண்டை அடுக்கிக்கொண்டு கால்வாய்க் கரைகளில் நடந்தேன். மாலையில் அவ்வூர் வரலாற்றைப் படித்தேன். எங்குச் சென்றாலும் ஆசிரியர் கண்ணுக்குப் பிள்ளைகளே முதலில் தென்படுவர் அல்லவா? படிக்கப் படிக்க, அந்நகரின் கால்வாய் வரலாறு பெரும்பகுதி குழந்தைகளின் வரலாறாகவே எனக்குப் புலப்பட்டது. சுற்றுலாக் கையேடுகளில் இது ஓரிரு வரிக்கு மேல் இடம்பெறக் காணேன். ஆகையால் எழுதத் துணிந்தேன்.

முதலில் ஊரின் அமைப்பு. ரைன் ஆற்றின் இரு கிளைகளாகிய பழைய ரைனும் புதிய ரைனும் நகரின் நடுவே ஒன்றுகூடுகின்றன. அவ்விரண்டுக்கும் இடையில் ஒரு மண்மேட்டின்மீது வட்டமான பழங்கோட்டை நிற்கிறது. தட்டையான அந்நாட்டில் அம்மேடுதான் மலை! ஆற்றிலிருந்து பிரித்து வெட்டப்பட்ட கால்வாய்கள் நகரெங்கும் ஓடுகின்றன. நகருக்குள் ஓடும் கால்வாயைக் 'கிராக்ட்' என்றும், நகரைச் சுற்றியோடும் அகழியைச் 'சிங்கல்' என்றும் அவர்கள் வேறுபடுத்தி அழைக்கின்றனர். அகழிக்கு உட்புறம் இருந்த மதில் மறைந்து, எட்டு வாயில்களில் இரண்டே எஞ்சியுள்ளன. ஒன்று 1667-லும் மற்றொன்று 1669-லும் கட்டப்பட்டவை. சில தெருக்களின் பெயர் 'கிராக்ட்' என்று முடியும். போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு நீர் இராது. அவை தூர்க்கப்பட்ட கால்வாய்கள். நீர் போன பின்னும் பெயர் போகவில்லை.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் புதிய ரைன் கரையில் சந்தை கூடுகிறது. பாலாடைக் கட்டி, பூக்கள், பச்சையாக உப்பிட்ட ஹெரிங் மீன் என்று கடைகள் பாலம்வரை நீளும். கோர்ன்புரூக் என்னும் அப்பாலத்திற்குக் கூரை உண்டு; முற்காலத்தில் தானியம் விற்ற இடம், மழையில் நனையாதிருக்கப் பிற்காலத்தில் கூரை வேய்ந்தனர். மக்கள் மிதிவண்டியில் ஒரு கையால் குடை பிடித்தபடி, முன்கூடையில் ஒரு குழந்தையும் பின்னிருக்கையில் ஒரு குழந்தையுமாகச் செல்கின்றனர். கால்வாய் ஓரத்தில் பல இடங்களில் தடுப்புக் கம்பியே கிடையாது. நம்மூரில் இப்படி ஒரு பள்ளிக்கு அருகில் இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மறுநாளே மனு எழுதிவிடும்.

இதைத் தங்கையிடம் கேட்டபோது, ஏழு வயதுடைய அவள் மகள்தான் விடை சொன்னாள். அங்குக் குழந்தைகள் நீச்சலில் 'ஏ' சான்றிதழ் பெறவேண்டும் என்பது எழுதாத விதி. அத்தேர்வில் சட்டை, காற்சட்டை, காலணி அனைத்தும் அணிந்தபடி நீந்துதல் ஒரு பகுதி. நீருக்கடியில் தொங்கவிட்ட துணியிலுள்ள துளையினூடே நுழைந்து வெளிவருதல் மற்றொரு பகுதி. "ஏன் உடுப்போடு நீந்த வேண்டும்?" என்றேன். "பெரியம்மா, வாய்க்காலில் உடுப்போடுதானே விழுவோம்?" என்றாள். பாடத்திட்டத்தின் நோக்கத்தை இத்துணைத் தெளிவாக எந்தப் பயிலரங்கிலும் நான் கேட்டதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1574-இல் ஸ்பானியப் படை லெய்டனை முற்றுகையிட்டிருந்தது. பட்டினியாலும் கொள்ளைநோயாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இறுதியில் டச்சுக்காரர் தம் அணைகளைத் தாமே உடைத்து, வயல்களை நீரில் மூழ்கடித்து, அவ்வெள்ளத்தின்மீது படகு செலுத்தி அக்டோபர் 3-ஆம் நாள் நகருக்குள் வந்து சேர்ந்தனர். படகுகளில் ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வந்தன. ஸ்பானியர் கைவிட்டுச் சென்ற பாசறையில் ஒரு கிழங்குக் கூட்டுப் பானையைக் கண்டெடுத்தவன் ஓர் அனாதைச் சிறுவன் என்று ஒரு கதையும் வழங்குகிறது. இன்றும் அக்டோபர் 3 அவ்வூரின் பெருநாள். அன்று ஹெரிங்கும் ரொட்டியும் இலவசமாக வழங்குகின்றனர். மறு ஆண்டு, 1575-இல், அங்குப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 'வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா?' என்று இளவரசர் வில்லியம் கேட்க, மக்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தனர் என்பர். சான்றில்லாத கதைதான். எனினும் ஆசிரியர்களாகிய நமக்கு இனிக்கும் கதை!

முற்றுகைக்குப் பின் தெற்கே ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து அகதிகள் வந்து குவிந்தனர். அவர்கள் நெசவாளர். 1622-இல் நகர மக்கள்தொகை ஏறத்தாழ 45,000 ஆயிற்று. ஆலந்து மாநிலத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்த பெருநகரம் லெய்டனே. 1664-இல் ஓராண்டில் ஏறத்தாழ 140,000 துணிச்சுருள்கள் அங்கு உருவாயின. ஒவ்வொரு சுருளும் சோதிக்கப்பட்டு ஈய முத்திரை பெறும். அச்சோதனைக்கென 1640-இல் கட்டிய 'லாக்கன்ஹால்' மாளிகை இன்று அருங்காட்சியகம். கம்பளியை அலசுவது முதல் நெய்வதுவரை ஒவ்வொரு வேலையையும் காட்டும் பெரிய ஓவியங்கள் அங்குள்ளன. ஈசாக் வான் சுவானன்பர்க் என்பார் தீட்டியவை. ஓவியத்தில் உழைப்போர் அனைவரும் கொழுகொழுவென்று நலமாக இருக்கின்றனர். அதை நான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம், நகரின் கிழக்கே மிட்டெல்ஸ்டகிராக்ட் தெருவில் நான் கண்ட நெசவாளர் வீடு. அத்தெருவும் தூர்க்கப்பட்ட கால்வாயே. தெருப்பக்கம் ஒரே அறை. சன்னல் வெளிச்சத்தில் தறி. தறி போக எஞ்சிய இடத்தில்தான் குடும்பம் சமைத்தது, உண்டது, உறங்கியது. ஒரு தறிக்கு நூல் கொடுக்க நூற்போர் பலர் வேண்டும். கம்பளியைச் சிக்கெடுப்பதும் நூற்பதும் பெண்கள், குழந்தைகள் தலையில் விழுந்தன. ஊர்ப் பிள்ளைகள் போதாமல், லியேஜ், ஆகன் முதலிய தொலைவூர்ப் பகுதிகளிலிருந்து ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஒப்பந்தத்தின்பேரில் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தத்தில் பிள்ளைகளை வேறூருக்கு அனுப்புதல் என்றால் என்ன என்பதை நம் பாட்டன்மார் கதை கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கத் தேவையில்லை. ஹூக்லாண்ட்ஸ கெர்க்கிராக்ட் என்னும் தெருவிலிருந்த நகர அனாதை இல்லத்தின் பிள்ளைகளும் துணித் தொழிலுக்கே அனுப்பப்பட்டனர்.

இத்தொழில் முழுவதும் கால்வாய் நீரை நம்பியிருந்தது. கம்பளி அலசிய நீர், சாயம் கலந்த நீர், துணியை மிதித்து இறுக்குவதற்குப் பயன்பட்ட சிறுநீர், வீட்டுக் கழிவு எல்லாம் சேர்ந்த இடம் அதுவே. தட்டையான நிலத்தில் நீர் ஓடாது, தேங்கும். கோடையில் துர்நாற்றம் வீசியதாக எழுதாத பயணிகள் குறைவு. 1635-இல் வந்த கொள்ளைநோயில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேர் இறந்தனர். ஒரே ஆண்டில்!

அந்நெசவாளருள் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பெற்றோர்கள் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

1609-இல் ஏறக்குறைய நூறு ஆங்கிலேயர் சமயக் காரணத்தால் தாய்நாட்டை விட்டு லெய்டனில் குடியேறினர். பிற்காலத்தில் அமெரிக்க வரலாற்றில் 'யாத்திரிகர்' என்று புகழ்பெற்றவர்கள் இவர்களே. இங்கிலாந்தில் பெரும்பாலும் உழவராய் இருந்தவர்கள் இங்கு வந்து தறியில் அமர்ந்தனர். பின்னாளில் பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபர்டு லெய்டனில் துணி நெய்தவர். கல்வியறிவுடைய வில்லியம் புரூஸ்டர் மட்டும் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார். பீட்டர்ஸ்கெர்க் என்னும் பெருந்தேவாலயத்தின் எதிரே, அவர்களுடைய சமய ஆசான் ஜான் ராபின்சன் வாழ்ந்த மனையில் இன்று முதியோர்க்கான சிறு அறவீடுகள் உள்ளன. நான்கைந்து முறை அவ்வழியே நடந்தேன்.

அவ்வூரில் அவர்களுக்குச் சமய உரிமை இருந்தது, வேலையும் இருந்தது. பின் ஏன் 1620-இல் உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்தனர்? பிராட்ஃபர்டும், அவர் தோழர் எட்வர்டு வின்ஸ்லோவும் எழுதிவைத்த காரணங்கள் பல. அவற்றுள் பிள்ளைகள் பற்றியவை முதன்மையாக நிற்கின்றன. வறுமையால் பிள்ளைகளும் கடும் வேலை செய்ய நேர்ந்து, இளமையிலேயே உடல் தளர்ந்தனர். சிலர் பெற்றோர் சொல்லைக் கடந்து படையிலும் கப்பலிலும் சேர்ந்தனர். தாங்கள் பெற்ற கல்வியைக்கூடத் தம் மக்களுக்கு அளிக்க இயலவில்லை. இன்னும் சில காலம் தங்கினால் தங்கள் மொழியையும் ஆங்கிலேயர் என்னும் பெயரையுமே இழந்துவிடுவோம் என்று அஞ்சியதாக வின்ஸ்லோ குறிப்பிடுகிறார்.

வாசகர்களே, இன்று உலகமே கற்கத் துடிக்கும் ஆங்கில மொழியைத் தம் பிள்ளைகள் மறந்துவிடுவர் என்று ஆங்கிலப் பெற்றோர் அஞ்சிய இடம் அது! அன்றைய லெய்டனில் ஆங்கிலம் ஒரு சிறுபான்மைக் குடியேறிகளின் வீட்டுமொழி, அவ்வளவே. சந்தையிலும் தறிக்கூடத்திலும் பயன்பட்டது டச்சு, பல்கலைக்கழகத்தில் இலத்தீன். 'தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளைக்கு எதிர்காலம் உண்டா?' என்று என்னிடம் கேட்கும் பெற்றோரை நான் குறைகூறுவதில்லை. அவர்களது அச்சமும் பிள்ளைமீதுள்ள அன்பினால் விளைவதே. ஆனால் ஒரு மொழியின் நிலை அதன் தகுதியால் மட்டும் அமைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

1620 சூலை மாதம் அவர்கள் படகேறிக் கால்வாய் வழியே டெல்ஃப்ஸ்ஹாவன் துறைமுகத்தை அடைந்தனர். அனைவரும் போகவில்லை, பெரும்பகுதியினர் லெய்டனிலேயே தங்கினர். ராபின்சனும் தங்கினார்; 1625-இல் அங்கேயே மறைந்தார். அவருக்குப் பின், தங்கியவர்களின் வழிவந்தோர் சிறிது சிறிதாக டச்சு மக்களோடு கலந்து, மொழியும் பெயரும் மாறினர். வின்ஸ்லோவின் அச்சம் வீணன்று. போனவர்கள் மொழியைக் காத்தனர். ஆனால் அவர்கள் சென்று இறங்கிய மண்ணின் பூர்வகுடிகள் பின்னர் தம் நிலத்தையும் மொழியையும் இழந்தனர் என்பதையும் வகுப்பில் சொல்லாமல் இருக்கக்கூடாது என்பது என் கருத்து.

அதே 1620-ஆம் ஆண்டு, பழைய ரைன் கரையில் முளைதானியம் அரைக்கும் காற்றாலை வைத்திருந்த ஒருவரின் மகன் பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் எழுதினான். அவ்வூர் இலத்தீன் பள்ளியில் படித்தவன். வயது 14-க்குள். அவன் ஓவியர் ரெம்பிராண்ட். ஆலைக்காரர் மகனுக்குப் பள்ளி வாய்த்தது. சில நூறடி தொலைவிலிருந்த நெசவாளர் பிள்ளைக்கு வாய்க்கவில்லை.

அடுத்த காலத்தில் கால்வாய்கள் நெடுஞ்சாலைகளாயின. கரையில் குதிரை இழுக்க நீரில் செல்லும் பயணிப் படகுகள் 1638 முதல் டெல்ஃப்ட் வழியிலும், 1657 முதல் ஹார்லம் வழியிலும் நேர அட்டவணைப்படி ஓடின. மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர். விரைந்து நடப்பவரைவிடச் சற்றே வேகம். 1842-இல் இரயில் லெய்டனை எட்டும்வரை ஊர்விட்டு ஊர் போக இதுவே நம்பகமான வழி. சரக்குகளும் நீர்வழியே நகரின் நடுவுக்கு வந்தன. அப்படி வந்த சரக்கு ஒன்றே பெருந்துயருக்குக் காரணமாயிற்று.

1807 சனவரி 12, திங்கட்கிழமை. டெல்ஃப்ட் நகரப் படைக்கலச் சாலைக்கு 17,000 கிலோவுக்கும் மேற்பட்ட வெடிமருந்தை ஏற்றிச் சென்ற படகு ஒன்று, வீடுகள் நெருங்கிய ஸ்டேன்ஸ்கூர் கால்வாயில், நகரின் நடுவே, நின்றிருந்தது. மாலை நாலேகால் மணிக்கு அது வெடித்தது. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 2,000 பேர் காயமுற்றனர். 200-க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. பல்கலைக்கழகப் பேராசிரியர்களான லூசாக், குளூய்ட் இருவரும் மாண்டனர். மாலை நாலேகால் என்பது பள்ளி இன்னும் விடாத நேரம். அப்பகுதியிலிருந்த பள்ளிகள் இடிந்து, உள்ளேயிருந்த பிள்ளைகளும் ஆசிரியரும் இடிபாட்டில் சிக்கினர். அப்போது ஆலந்தின் அரசராயிருந்த லூயி நெப்போலியன் விரைந்து வந்து மீட்புப் பணியைத் தாமே முன்னின்று நடத்தினார். பிரான்சு திணித்த அரசர் என்று அவரை வெறுத்தவர்களும் அதன்பின் மதித்தனர் என்பர்.

வெறுமையான அந்நிலத்தை மக்கள் நீண்டகாலம் 'பெரும் இடிபாடு' என்றே அழைத்தனர். கால்வாயின் ஒரு பக்கம் இன்று பூங்கா. மறுபக்கம் பின்னர் அறிவியல் ஆய்வுக்கூடம் எழுந்தது. ஹீலியம் வளிமத்தைக் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலில் நீர்மமாக்கியது 1908-இல், அந்த ஆய்வுக்கூடத்தில்தான். அறிவியல் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம். நான் பூங்காப் பக்கமே நின்றேன். குளிர்காலத்தில் நாலேகாலுக்கு அங்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இறுதிப் பாடம் நடந்திருக்கக்கூடும் என்று எண்ணியபோது மேலே நடக்க மனம் வரவில்லை.

வெடிவிபத்தில் இறந்த பிள்ளைகள் பள்ளியில் இருந்த பிள்ளைகள். பள்ளிக்கே வராத பிள்ளைகளின் கதை மேலும் நூறாண்டு தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தறிகள் நீராவி ஆலைகளுக்கு மாறின. விடியுமுன் கால்வாய்க் கரையோரம் நடந்து ஆலைக்குச் செல்லும் சிறுவரும் சிறுமியரும் அன்றாடக் காட்சி. 1863-இல் யாக்கோப் கிரேமர் என்னும் நாவலாசிரியர் லெய்டனின் ஆலை ஒன்றைச் சென்று பார்த்துத் திகைத்தார். 'ஆலைக் குழந்தைகள்' என்னும் உரையை எழுதி ஹேக் நகரில் மேடையேறிப் படித்தார். அது நூலாகவும் வந்தது. நன்கொடை எதுவும் அவர் கேட்கவில்லை, சட்டம் கேட்டார்.

சட்டம் வர 11 ஆண்டுகள் ஆயின. 1874-இல் சாமுவேல் வான் ஹவுட்டன் கொண்டுவந்த சட்டம் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலைவேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. வயல்வேலைக்கும் வீட்டுவேலைக்கும் விலக்கு. மேற்பார்வை செய்ய அலுவலரும் இல்லை. தொழிற்சாலை ஆய்வாளர்கள் 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே வந்தனர். டச்சு மக்கள் அதைக் 'குட்டிச் சட்டம்' என்ற பொருள்படும் பெயரால் அழைப்பதில் சற்றுக் கேலியும் இருக்கிறது. ஆலையிலிருந்து பிள்ளையை வெளியேற்றினால் மட்டும் போதாது. அப்பிள்ளை போய்ச் சேர ஓரிடம் வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம்தான் அவ்விடத்தை உறுதிசெய்தது. 6 முதல் 12 வயதுவரை பள்ளிக்கல்வி கட்டாயம் என்ற அம்மசோதா 1900 மார்ச் 30 அன்று நாடாளுமன்றக் கீழவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. பிள்ளையை வளர்ப்பது பெற்றோர் உரிமை, அரசு தலையிடலாகாது என்று எதிர்த்தோர் பலர். ஆதரவு 50, எதிர்ப்பு 49. எதிர்த்து வாக்களிக்க வேண்டிய ஷிமெல்பென்னிங்க் என்னும் உறுப்பினர், குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டிருந்தமையால் அன்று அவைக்கு வர இயலவில்லை! 1901 சனவரி முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் அறுவடைக் காலத்தில் ஆறு வாரம்வரை விடுப்புக் கேட்கப் பெற்றோருக்கு வழியிருந்தது.

ஊர் திரும்பியபின் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு இதையெல்லாம் கதையாகச் சொன்னேன். முற்றுகைக்கு வாய் பிளந்தனர், வெடிவிபத்துக்கு அமைதியாயினர். வாக்கெடுப்பைக் கரும்பலகையில் 50 - 49 என்று எழுதிக் காட்டியபோது, கணக்கில் கெட்டிக்காரனான ஒரு மாணவன், "அவர் விழாமல் இருந்திருந்தால் சமமாகியிருக்கும், டீச்சர்" என்றான். வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் இன்னொருவன் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "அந்தக் குதிரையை யாரும் அடிக்கவில்லையே, டீச்சர்?" என்று கேட்டான்.